மணல் மூட்டையை இறக்கச் சொன்னேன்

காரைக்குடியிலிருந்து மோட்டாரில் நானும் என் மைத்துனரும், படகில் உல்லாசமாகச் சுற்றிவரத் தொண்டிக்குப் போனோம். எங்கள் வீட்டு வழக்கப்படி சாப்பாட்டு அண்டாக்களும் கூடவே வந்தன. அவற்றை வைக்கப் படகில் இடம் போதவில்லை. அடியில் கிடந்த மணல் மூட்டைகளைக் கரையில் இறக்கச் சொன்னேன்.

“அதத் தொடாதீகய்யா! அண்டா உருளும், மூட்டை உருளாது. காத்தடிச்சா படகைக் கவுழாம நிறுத்துறது அந்தப் பாரந்தான்,” என்றார் படகோட்டி.

“சோத்தை விட்டுட்டு மண்ணைச் சுமக்கச் சொல்றியா?” என்று சீறினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்.

கரை மறைவதற்குள் சூறைக்காற்று பாயை அறைந்தது. படகு சாய, கனத்த சாம்பார் அண்டா உருண்டு மைத்துனரின் முழங்காலை நொறுக்கியது. அவர் அலறி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்தது. பாய்க்கயிறு என் கழுத்தை நெரித்தது. படகோட்டி அதைக் கத்தியால் அறுத்து, என் தலைமுடியைப் பற்றி இழுத்து, கவிழ்ந்த படகின்மேல் போட்டார். மைத்துனரையும் அப்படியே இழுத்துவந்து என் பக்கத்தில் கிடத்தினார். அவர் நெற்றியிலிருந்து ரத்தம் கொட்டியது.

“இப்பச் சாப்பிடுங்கய்யா!” என்று கத்தினார்.

வலைக்காரர்கள் வந்து எங்களைக் கரைசேர்த்தார்கள். மைத்துனர் இன்றும் தடியூன்றித்தான் நடக்கிறார். இப்போதெல்லாம் கடலுக்குப் போனால் மணல் மூட்டைகளை நானே தோளில் சுமந்து படகில் ஏற்றுகிறேன். சாப்பாடு கரையிலேயே காத்திருக்கும்.