மிட்வைப் சுந்தரம்மா கதைக்கவைத்த வீடு

“இல்ல, மூக்கு என்ட இல்ல. அது மருமகன்ட. காது மட்டுந்தான் எங்கட பக்கம்.”

பேத்தியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இன்னும் நாற்பது நாள் கழியவில்லை. அதற்குள் கல்முனைக்குடியில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டார்கள். மீதிப்பேருக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

ஆனால் பேத்தியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் சுந்தரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பகுதிக்கு மிட்வைப், பிள்ளைப்பேறு பார்க்கிறவர். நாங்கள் மிஸி என்று கூப்பிடுவோம். காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார். கொஞ்சம் பெரிய உடம்பு. மணலில் சில்லுப் புதைந்தால் இறங்கித் தள்ளுவார். தள்ளும்போதும் வேலிக்கு மேலால் வீட்டுக்கு வீடு கதைத்துக்கொண்டுதான் வருவார். போன வருசம் புயல் அடித்து ரோட்டெல்லாம் தென்னை விழுந்து கிடந்தபோது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மனுசி.

என் மகள் நதீராவுக்குப் பதினாறு வயது. கல்யாணம் முடிந்ததும் எங்கள் வழக்கப்படி மருமகன் காலிதீன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிறவர். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்த சுந்தரம்மா, மகளைத் தேடவில்லை. நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடியைத் திறந்தார்.

“நல்ல பாரை மீன். இந்தப் பெரிய துண்டு ஆருக்கு?”

“மருமகனுக்கு மிஸி,” என்றாள் என் மனைவி சுபைறா.

“வயித்துல புள்ளையோட இருக்கிறது அவரோ?”

சுபைறா சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து பெரிய துண்டு நதீராவின் பீங்கானுக்குப் போனது.

என்னையும் அவர் விடவில்லை. அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்பார்கள், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “பதினாறு வயசு, காக்கா. இவளே வளர்ந்து முடியல்ல. நான் ரெண்டு புள்ளையப் பாக்க வேண்டிக் கிடக்கு. கிளினிக்குக்கு ஒருநாளும் தவறாம அனுப்புங்க.”

அனுப்பினோம். திரிபோஷா சத்துமாவும் குளிசையுமாக வருவாள். ஆனால் ஏழாம் மாதம் கால் வீங்கியது. சுந்தரம்மா விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் அப்படியே நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

“பிறசர் ஏறுது. தலையிடிச்சாலோ கண் மங்கினாலோ ஒரு வேலையும் பாக்கப்படாது. உடன ஆஸ்பத்திரி. பிந்தினா ரெண்டு உசிருக்கும் ஆபத்து.”

“வாசல்ல கார் நிக்கிதே மிஸி. மருமகனுக்குச் சொன்னாச் சரி,” என்றேன்.

“நீங்க வயலுக்குப் போனா ஆர் சொல்லுற?”

அங்கேதான் சிக்கல். சுபைறா மருமகனோடு கதைப்பதில்லை. எங்கள் ஊரில் மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரவே மாட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுபைறா திரைக்குப் பின்னால் நின்று பூனையிடம் சொல்லுவாள். “பூன, சட்டியில மீன் ஆணம் இன்னும் இரிக்கி.” மருமகனும் பூனையைப் பார்த்தே, “போதும்” என்பார்.

இதைக் கேட்டு சுந்தரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு காலிதீனை நடுவீட்டில் இருத்தி, சுபைறாவைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, தலையிடி, கண் மங்கல் எல்லாம் சொல்லி, இருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். காலிதீன் சொன்னார். சுபைறா திரையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

“சுபைறா, உங்கட வெக்கமா கார் ஓட்டப்போகுது?”

“எனக்கு ஏலா மிஸி. நாக்கு எழும்புதில்ல.”

அதன் பிறகு வரும்போதெல்லாம் கேட்பார். “இண்டைக்காவது கதைச்சீங்களோ?”

“பூனையோட கதைச்சன்.”

வெள்ளாமை வெட்டுத் தொடங்கியது. நான் வயலில் தங்கும் வாடிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை மாமியும் மருமகனும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மத்தியான லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி நதீரா தலையைப் பிடித்துக்கொண்டு, “உம்மா, எல்லாம் புகையாத் தெரியிது,” என்றிருக்கிறாள். காலிதீன் வாசலில் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக் கார் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். சுபைறா திரை வரைக்கும் வந்து, பழக்கத்தில் பூனையைத் தேடினாளாம். பூனை இல்லை.

அப்படியே வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். “காலிதீன்! கார எடு மனே! புள்ளைக்குக் கண் மங்குது!”

“நான் முகம் பாத்ததில்லத்தானே மாமா,” என்கிறார் மருமகன். “ஆரோ பக்கத்து வீட்டுப் பொம்புள எண்டு நினைச்சன்!”

போகிற வழியெல்லாம் சுபைறாவின் வாய் மூடவில்லையாம். “மாடு நிக்கி, மெதுவா! மாடு போயிட்டு, கெதியா!” கல்யாணத்திலிருந்து அடக்கிவைத்த கதையெல்லாம் அந்த ஒரு பயணத்தில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். அடுத்த நாள் பிள்ளை பிறந்தது. சின்னப் பிள்ளை, பெரிய சத்தம். நான் வைக்கோல் தூசியோடு ஓடிப்போய்க் கைகால் கழுவி, காதில் பாங்கு சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சுகம்.

இன்று காலை சுந்தரம்மா பிள்ளையை நிறுக்க வந்தார். நிறை கூடியிருந்தது. நதீராவின் பிறசரைப் பார்த்தார். அதுவும் இறங்கியிருந்தது. அடுத்த பிள்ளைக்கு அவசரப்படக் கூடாது, இருபது வயது தாண்டட்டும் என்று காலிதீனிடம் முகத்துக்கு நேரே சொன்னார்.

பக்கத்தில் சுபைறா, “காத்துப் படும் மருமகன், ஜன்னலப் பூட்டுங்க,” என்றாள்.

“புள்ளைக்கு வேர்க்குது மாமி.”

“எத்தின புள்ள வளத்த நீங்க?”

“விடிஞ்சதில இருந்து இதுதான் மிஸி,” என்றேன். “நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க.”

சுந்தரம்மா பேத்தியை என் மடியில் வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். “கதைக்கவைக்கிறது மட்டுந்தான் என்ட வேலை, காக்கா. நிப்பாட்ட வேற ஆளப் பாருங்க.”