முதுகுக்குப் பின்னால் கோல் போஸ்ட்

எங்கள் அணிக்கு இனிமேல் முன்னால் நிற்க ஒரு நெட்டை ஆள் தேவையில்லை என்று கேப்டன் சொன்னபோது, அந்த நெட்டை ஆள் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பூனாவில், கோர்படி ரயில்பாதையை ஒட்டிய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்து, எல்லோரும் டீக்கடை வாசலில் ஷூ மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தோம். கேப்டன் மராத்திக்காரன், என்னைவிட மிகவும் இளையவன், ஹிஞ்சேவாடியில் என் கம்பெனியிலேயே வேறு தளத்தில் வேலை பார்ப்பவன். ஹிந்தியில், அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'தாதா' போட்டு, மரியாதையாகத்தான் சொன்னான்.

"தப்பா நினைக்காதீங்க தாதா. நீங்க முன்னாடி இருக்கீங்கன்னா எல்லாரும் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கறோம். பந்து கிடைச்சதும் உங்க பக்கம் உதைச்சிடறோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் பாஸ் குடுக்கறதே மறந்துபோச்சு."

"டீக் ஹை" என்று ஒத்துக்கொண்டார் அவர். கையில் மீதியிருந்த கிரீம் ரோலை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு டீ சொன்னார். எனக்குத்தான் டீ உள்ளே இறங்கவில்லை.

அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். ஆகுர்டி பக்கம் ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை, இப்போது வீடும் அங்கேயே. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு வாசலிலும் குனிந்துதான் நுழைவார். எங்கள் இரு குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ பூனாவுக்கு வந்து, கன்டோன்மென்டை ஒட்டியே தங்கிவிட்டவை. சர்ச்சில் வாலிபர் சங்கத்துக்காகத் தொடங்கிய அணி இது. பழைய ஆட்கள் பெங்களூர், கனடா என்று போகப் போக, அந்த இடங்களில் என் ஆபீஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பழைய ஆட்களில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

மச்சான் ஆடிய இடத்துக்கு டார்கெட் மேன் என்று பெயர். எதிராளியின் கோலுக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். உயரமாக வரும் பந்தை நெஞ்சிலோ தலையிலோ வாங்கி, பின்னால் இடிப்பவனை முதுகாலேயே தடுத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓடி வந்து சேரும்வரை பந்தை வைத்திருக்க வேண்டும். கிடைத்தால் தலையால் முட்டி கோல் போடலாம். நான் வலது ஓரம். கோட்டை ஒட்டி ஓடி, பந்தைத் தூக்கிப் போடுவது என் வேலை. கிராஸ் என்பார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோக வராது. இடது காலை நிற்பதற்கு மட்டும் வைத்திருந்தேன். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில், நிமிர்ந்து பார்க்காமலே, மச்சானின் நெற்றி எங்கே இருக்கும் என்று என் வலது காலுக்குத் தெரியும்.

அவர் இல்லாமல் ஆடிய முதல் ஆட்டத்தில் அந்தக் கால் பழைய வேலையையே செய்தது. பந்து அழகாக வளைந்து போனது. அங்கே யாரும் இல்லை. எதிரணி கோல்கீப்பர் அவசரமே இல்லாமல் இரண்டு எட்டு வைத்துப் பந்தைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டான். கேப்டன் கையை விரித்து, "கீழே, கீழே" என்று கத்தினான். அடுத்த பந்தையும் தூக்கித்தான் போட்டேன். அதற்கடுத்ததைக் கீழே தள்ளப் போய், நேராக எதிராளியின் காலில் கொடுத்தேன். ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பதுதான் இன்னும் எரிச்சல். ஒருவரும் மச்சானைத் தேடவில்லை.

அதன்பிறகு எனக்கு எங்கும் நிலையாக உட்கார முடியவில்லை. கம்பெனி வண்டி வாகட் பாலத்தடி நெரிசலில் நகராமல் நிற்கும்போது என் வலது கால் தன்னால் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டுக்காரி ஒரு நாள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "சார், உங்க காலைக் கொஞ்சம் நிறுத்துங்க, டைப் பண்ண முடியல" என்றாள். நிறுத்தினேன். சிக்னலைத் தாண்டுவதற்குள் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

அணியின் வாட்ஸ்அப் குழுவில் நீளநீளமாக எழுதினேன். பந்து முன்னால் ஓரிடத்தில் தங்கினால்தான் பின்னால் இருப்பவர்கள் மூச்சு வாங்கி மேலே வர முடியும், மழைக்காலத்தில் நம் மைதானத்தில் தரைப் பந்து உருளாது, எதிராளிகள் நாலு பேர் வந்து அழுத்தும்போது தூக்கி அடிக்க ஒரு முகவரி வேண்டாமா என்றெல்லாம். கேப்டன் ஒரு கட்டைவிரலைப் போட்டான். வேறு யாரோ ஒரு பிறந்தநாள் வாழ்த்தைப் போட்டார்கள். என் வாதம் அதற்கு மேலே போய் மறைந்தது.

"அண்ணனுக்கே இல்லாத வருத்தம் உங்களுக்கு எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"அவருக்கு வருத்தம் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல பேசினேனே. நல்லாத்தான் பேசுனான். மீன் வாங்கியாந்தேன்னான்."

"வருத்தம் இருக்கவன் மீன் வாங்க மாட்டானா?"

"நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க. இங்க நடந்து நடந்து எனக்குத் தல சுத்துது."

போனேன். ஆகுர்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. அன்றைக்கு மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு, ஹிஞ்சேவாடியிலிருந்து ஓர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். திரும்பி வாருங்கள், நான் கேப்டனிடம் பேசுகிறேன், வராவிட்டால் நானும் விலகிக்கொள்கிறேன்.

மச்சான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, இன்னும் வந்திருக்கவில்லை.

"வாரும் மாப்ள. என்ன, வேல நாள்ல இந்தப் பக்கம்?"

"சும்மாதான் மச்சான்."

"சும்மா ஒருத்தர் அந்த டிராஃபிக்ல வருவாரா? உக்காரும். சுர்மாய் மீன் கொளம்பு, சாப்ட்டுட்டுத்தான் போணும்."

உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, தயார் செய்ததைச் சொன்னேன். ஒழுங்காக வரவில்லை. நடுவில் மழை, சகதி, கேப்டனின் வயசு என்று எங்கெங்கோ போனது. அவர் கடைசிப் பல்லை உரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த எடம் எனக்கு ஒரு நாளும் பிடிச்சதில்ல."

"எந்த எடம்?"

"முன்னால நிக்கது. ஸ்கூல்ல சேந்தப்ப பி.டி. சார் பாத்தாரு. நெட்டையா இருக்க, முன்னால போய் நில்லுன்னாரு. போய் நின்னேன். அப்புறம் எந்த டீமுக்குப் போனாலும் ஆள மேலயும் கீழயும் பாப்பானுவ, முன்னால போன்னுருவானுவ. நானும் வாயத் தொறந்து சொல்லல."

"நீங்க எவ்வளவு கோல் போட்டிருக்கீங்க மச்சான்."

"போட்டேன். ஆனா கோல் எங்க இருக்கு? முதுகுக்குப் பின்னால. ஆட்டம் பூரா நம்ம கோல்கீப்பர் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். பின்னால ஒருத்தன் இடிச்சிக்கிட்டே இருப்பான். முழங்கை எப்ப வரும்னு தெரியாது, வரும்னு மட்டும் தெரியும்."

"அப்ப என் கிராஸ்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் கூச்சமாகப் போய்விட்டது.

அவர் சிரித்தார். "நல்ல கிராஸ்தான் வே. ஆனா நீரு கால ஓங்கும்போதே எனக்கு இங்க இறுகிரும்" என்று விலாவைத் தொட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்காக அவர் எத்தனை பேரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி அந்தத் தொல்லை இல்லை. வியாழக்கிழமைகளில் தொழிற்சாலை ஆட்களோடு இங்கேயே ஆடுகிறாராம். கடைசித் தடுப்பில், நடுவில்.

"பின்னால நிக்கேன் மாப்ள. ஆட்டம் முழுசும் கண்ணு முன்னால தெரியுது. யாரு எங்க ஓடுதான், எவன் ஏமாத்தப் பாக்கான், எல்லாம் தெரியுது. இதுக்கு முன்னால நான் ஒரு ஆட்டத்த முழுசாப் பாத்ததே இல்ல பாத்துக்கிடும்."

"ஆனா டீமுக்கு ஒருத்தர் வேணும்லா?" என்றேன். விடவில்லை நான்.

"வேணும். இல்லன்னு சொல்லல. மழைல வேணும், சகதில வேணும், தோக்கப் போறோம்னா கண்டிப்பா வேணும். அது நானாத்தான் இருக்கணும்னு என்ன?"

குழம்பு நன்றாக இருந்தது. நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, "முள்ளு இருக்கு, பைய" என்றார்.

அந்த மழைக்காலத்திலேயே, ஒரு விடுமுறை நாளில், எங்கள் அணிக்கும் அந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கும் ஆட்டம் வைத்தோம். கேப்டன் எதிராளி தேடிக்கொண்டிருந்தான், நான்தான் சொன்னேன். ஆகுர்டி மைதானம் முழுக்கத் தண்ணீர் திட்டுத்திட்டாக நின்றது. கேப்டனின் சின்னச்சின்ன பாஸ்கள் பாதி வழியில் நின்றுபோயின. பந்து தண்ணீரில் உட்காரும், இரண்டு பேர் ஓடி வந்து வழுக்கி விழுவார்கள். இடைவேளைக்கு முன்பே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

மச்சான் அவர்களுடைய கோலுக்கு முன்னால், எங்களைப் பார்த்து நின்றார். அப்படி நிற்கும் அவரை நான் பார்த்ததில்லை. கையை நீட்டி நீட்டி, ஹிந்தியில் ஆளுக்கொரு கட்டளை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அணியில் அவர் சத்தமே கேட்டதில்லை. நான் போட்ட கிராஸ்களையெல்லாம் குதிக்காமலே முட்டி வெளியே தள்ளினார். ஒருமுறை பக்கத்தில் ஓடி வந்தபோது, "மாப்ள, நேரா என் தலைக்கே போடுதீரே, கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாரும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் கேப்டன், எங்கள் தடுப்பில் நின்ற உயரமான ஆளைப் பார்த்து, "ஊபர் ஜா, ஊபர்" என்று முன்னால் போகச் சொல்லிக் கத்தினான். அந்த ஆள் தயங்கிக்கொண்டே முன்னால் போய், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றான். மச்சான் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டார். இத்தனை நாள் இடிவாங்கியவர் இப்போது இடிக்கிற இடத்தில் நின்றார். எனக்கு அது சந்தோஷமா பதற்றமா, சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பந்து என்னிடம் வந்தது. ஓரத்தில் யாருமில்லை. ஓடினேன். கேப்டன் பெனால்ட்டி பெட்டிக்கு வெளியே தனியாக நின்று பந்து கேட்டான். கீழே கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கால் ஓங்கியது, பந்து எழும்பியது. அவ்வளவு சுத்தமான கிராஸை நான் போட்டதே இல்லை. எங்கள் ஆளைத் தாண்டி, மச்சானின் நெற்றிக்குப் போனது. அவர் அதைப் பாதி மைதானத்துக்கு முட்டி அனுப்பினார். ஆட்டம் முடிந்த விசிலை ஊதிவிட்டார்கள்; தோற்றுவிட்டோம்.

திரும்பும்போது லோக்கல் ரயிலில் கேப்டனும் நானும் கதவோரம் நின்று வந்தோம். துணியெல்லாம் சகதி என்று ஒருவரும் எங்களுக்கு உட்கார இடம் விடவில்லை.

"இன்னைக்கு அவர் நம்ம பக்கம் இருந்திருக்கணும்" என்றான் அவன், காட்கி ஸ்டேஷன் தாண்டிய பிறகு.

"கேட்டாலும் வர மாட்டார்."

"கோபமா?"

"இல்லை. சந்தோஷமா இருக்கார்."

அவன் வெளியே எட்டிக் கையிலிருந்த சகதியை உதறினான். பிறகு, "அடுத்த வாரம் நீங்க இடது பக்கம் ஆடுங்க" என்றான். "அங்கே உங்க வலது கால் தானா தூக்கிப் போட முடியாது. நின்னு, திரும்பி, பார்த்துதான் குடுக்கணும்." நான் சரியென்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இடது பக்கம்தான் போய் நின்றேன்.

இன்னும் அங்கேதான் ஆடுகிறேன். பந்து வந்ததும் நின்று தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். பெட்டிக்குள் எங்கள் ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்று நான் தீர்மானிப்பதற்குள் பாதித் தடவை பந்து பறிபோய்விடுகிறது. மீதித் தடவை யாரோ ஒருவன் கையைத் தூக்குகிறான், அவனுக்குத் தள்ளிவிட்டு நானும் உள்ளே ஓடுகிறேன்.