மாலை மறைத்த இடம்

பசறையில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓடிய பழைய காரை வாங்கிப் புதுப்பித்தேன். முன்பக்க பொனட்டில் முன்பு இருந்த அசலைப் போலவே அச்சிட்ட ஸ்டிக்கர் இங்கிலாந்திலிருந்து வந்தது. இருந்தது ஒன்றுதான், ஒட்டினால் பிரிக்க முடியாது. சரியான இடம் தெரியாமல் பதுளைவரை இந்தக் கார் போன கல்யாணங்களின் ஆல்பங்களைத் தெரிந்தவர்களிடம் வாங்கிப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் பொனட்டை மாலை மூடியிருந்தது.

“நம்ம படத்தப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

நாங்கள் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்தவர்கள். அன்றும் இதே கார்தான். மாலை இல்லாததால் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிந்தது.

“காருக்கு ஒரு மாலகூட போடலன்னு இத்தன வருஷமா திட்டினியே!”

“இன்னமும் திட்டுவேன். மொதல்ல ஒட்டுங்க. அப்புறம் மாலை போட்டு ஒரு படம் எடுக்கணும்.”

அளந்து ஒட்டினேன். படத்தில் மாலை நன்றாக விழுந்திருக்கிறது, ஸ்டிக்கர்தான் தெரியவில்லை.