மாட்டுங்கா வாசலில் சிகாகோவும் டொரோண்டோவும்

தாராவியிலிருந்து காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் மாட்டுங்காவில் விற்பது என் வேலை. அரைப்பதும் அவிப்பதும் என் மனைவி. விற்பதற்கு வாய் வேண்டும் என்பார்கள். எனக்கு அது அவ்வளவாக இல்லை. அதனால் ஹாரன் வைத்திருக்கிறேன். தெருமுனையில் அமுக்கினால் ஆட்கள் பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். இட்லியைப் போட்டு, சட்னியை ஊற்றிவிட்டு நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு கட்டிடத்தின் முன்னால் மட்டும் ஹாரன் அடிக்கக் கூடாது. அது முதல் மாடி மாமியின் உத்தரவு. அவருடைய கணவர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் பூங்காவுக்கு நடக்கப் போவார். அவர் திரும்புவதற்குள் மாமி என்னிடம் இட்லி வாங்கி, முந்தானையில் மறைத்துக்கொண்டு மேலே போய்விடுவார். வீட்டில் அது மாமி அரைத்து அவித்த இட்லி. சார் அப்படி நம்பித்தான் சாப்பிட்டார். பிள்ளைகளும் அப்படி நம்பித்தான் வளர்ந்தார்கள். வளர்ந்து, மகள் சிகாகோவுக்கும் மகன் டொரோண்டோவுக்கும் போய்விட்டார்கள்.

போன வருஷம் கட்டிடத்தை இடித்துக் கட்டப்போவதாக நோட்டீஸ் வந்தது. எல்லோரும் காலி செய்ய வேண்டும். இனிமேல் பிள்ளைகளோடு இருந்துவிடுவது என்று சாரும் மாமியும் முடிவு செய்தார்கள். எந்தப் பிள்ளையோடு என்பதில்தான் சண்டை. மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட சாருக்குக் கூச்சம். மருமகள் அடுப்படியில் போய் நிற்க மாமிக்குக் கூச்சம். ஆனால் இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் ஊர்களைப் பற்றியே பேசினார்கள். சார் டொரோண்டோ என்பார், மாமி சிகாகோ என்பார்.

வீட்டுக்குள் போன் சிக்னல் கிடைக்காது. அதனால் சார் காலை நடையை விட்டுவிட்டு, கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் வைத்துப் பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தார். இங்கே காலை என்றால் அங்கே ராத்திரியாம். மாமி கீழே வர வழியில்லாமல் போயிற்று. கட்டிடத்தின் பின்பக்கம், தண்ணீர் பம்பு இருக்கும் இடத்தில் என்னை வந்து நிற்கச் சொன்னார். மேலே பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி இறங்கும். நான் இட்லியைப் போட்டுக் கயிற்றை இரண்டு தரம் ஆட்டினால் வாளி மேலே போகும். வாட்ச்மேனுக்கு இட்லி கொடுக்கப் போவதுபோல நான் சாரைத் தாண்டிப் போய்வருவேன். போகும்போதும் வரும்போதும் சிகாகோவும் டொரோண்டோவும் காதில் விழும்.

சார் ஊரை எடைபோட்டது பம்பாய்க்காரர் கணக்கில்தான். இங்கே எந்த வீட்டையும் ரயில் ஸ்டேஷனுக்குக் கிழக்கா மேற்கா என்றுதான் கேட்பார்கள்.

“ஒங்காத்துக்கு ஸ்டேஷன்லேர்ந்து எத்தனை தூரம்? நடந்து போற தூரமா? ஈஸ்ட்டா வெஸ்ட்டா?” என்று மகளிடம் கேட்டார்.

“சிகாகோல கிழக்கே முழுக்க ஏரிப்பா. எல்லாமே வெஸ்ட்தான்.”

சார் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார். “பாதி ஊரே இல்லேங்கறா பாருப்பா. டொரோண்டோல ஈஸ்ட்டும் இருக்கு, வெஸ்ட்டும் இருக்கு.”

மேலே ஜன்னலிலிருந்து மாமி விடவில்லை. “டொரோண்டோலயும் ஏரி இருக்கோன்னோ? தெற்கே இருந்தா அது ஏரி இல்லியா? இந்த ஏரிய சாக்கு சொல்லாதேங்கோ.”

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். இரண்டு ஊரும் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டு ஊர்லயும் தண்ணி எப்ப வருமாம்? அதக் கேட்டியளா?” என்றாள்.

“நா எப்பிடிக் கேப்பேன்?”

“நீங்க எங்க கேக்கப் போறிய. ஏரிக்கரையில குடியிருக்கவங்களுக்கு என்ன, கொழா பக்கத்துல கொடத்தோட நிக்கவா போறாங்க?”

ஒரு நாள் மகள் போனில் சந்தோஷமாகச் சொன்னாள். “அம்மா, ஒனக்காகப் பெரிய கிரைண்டர் வாங்கிட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை எங்காத்துக்கு நிறைய பேர் வருவா. எல்லாருக்கும் ஒன் இட்லிதான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

ஜன்னலில் மாமியின் தலை உள்ளே போய்விட்டது.

அன்றைக்கே டொரோண்டோ மருமகளும் பேசினாள். அவள் தாதர் பக்கத்து மராத்திப் பெண். காலையில் தான் அடுப்பையே பற்றவைப்பதில்லை என்றும், தங்கள் கட்டிடத்துக்குக் கீழேயே யாழ்ப்பாணத்துக்காரர் கடை இருக்கிறது, இட்லி சூடாகக் கிடைக்கும் என்றும் ஹிந்தியில் சொன்னாள்.

மறுநாள் காலையில் மாமி ஜன்னலிலிருந்து, “எனக்கு டொரோண்டோவே தேவலை” என்றார். “சிகாகோல காத்து ஜாஸ்தியாம்.”

சாருக்கு இது பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மாமி சரி என்ற எதற்கும் அவர் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

“அதென்ன திடீர்னு? டொரோண்டோல ஏதோ இருக்கு, என்கிட்ட மறைக்கறா” என்றார் என்னிடம். “நான் சிகாகோவுக்கே போறேன். ஊர் ஒரு பக்கமா மட்டும் இருந்தா என்ன? இந்த பம்பாய்க்கும் ஒரு பக்கம் கடல்தானே?”

அப்புறம் ஒரு வாரம் சார் சிகாகோவுக்கும் மாமி டொரோண்டோவுக்கும் வாதாடினார்கள். ஏரி, காற்று, பனி, ரயில் எல்லாம் கட்சி மாறின. இரண்டு பேரும் தனித்தனி ஊருக்குப் போய்விடுவார்களோ என்றுகூட எனக்குப் பயம் வந்தது. பிள்ளைகள் டிக்கெட் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாரைத் தாண்டிப் போகும்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்து என் பின்னாலேயே வந்தார்.

“நில்லுப்பா. நீ நாலு தெரு சுத்தறவன். நீ சொல்லு, சிகாகோவா டொரோண்டோவா?”

நான் வேகமாக நடந்தேன். அவரும் வேகமாக நடந்தார். பம்பு பக்கம் வந்ததும் நின்றேன். வேறு போக இடமில்லை.

“சொல்லுப்பா, என்ன வெக்கம்?”

அப்போதுதான் எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் நடுவில் வாளி இறங்கியது.

சார் வாளியைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தார். மாமி கீழே பார்த்தார். நான் என் இட்லிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது எத்தனை நாளா?” என்றார் சார்.

“கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து. அப்போ இவரோட அப்பா வருவார்” என்றார் மாமி. “எனக்கு மாவு அரைச்சா புளிக்கவே மாட்டேங்கறது. சிகாகோல எல்லாரையும் கூட்டி வச்சுண்டு அவ காத்துண்டிருக்கா. நான் எப்பிடிப் போவேன்?”

சார் என் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“சட்னியுமா?”

“சட்னியும்தான்.”

“சாம்பார்?”

“சாம்பார் நான் பண்றது.”

“அதானே பார்த்தேன்” என்றார் சார்.

மாமி மேலே சிரித்த சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. நான் இருமினேன்.

சார் என் பாத்திரத்திலிருந்து தானே இட்லியை எடுத்து வாளியில் வைத்தார். வாளியிலிருந்த தூக்குப் பாத்திரத்தை எடுத்து, அதில் சட்னியை ஊற்றச் சொல்லி அதையும் வைத்தார்.

“அந்த யாழ்ப்பாணத்துக்காரர் கடை கட்டிடத்துக்குக் கீழேயேவா இருக்கு?” என்று மேலே பார்த்துக் கேட்டார்.

“கீழேயேதான். ரோடு தாண்ட வேண்டாமாம்.”

“அப்போ டொரோண்டோன்னே சொல்லிடறேன். பொண்ணுகிட்ட காத்து ஜாஸ்தின்னு நான் சொல்லிக்கறேன், நீ வாயத் திறக்காதே” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றும் கேட்காமல், கயிற்றை இரண்டு தரம் ஆட்டினார்.