தங்கை பேரில் தூங்கினேன்

எங்கள் வீட்டில் என்னைப் பாராட்டுவதென்றால் தூக்கத்துக்காகத்தான் பாராட்டுவார்கள். படிப்பு வராது, பாட்டு வராது, தண்ணீர் பிடித்து வரச் சொன்னால் பாதியை வழியிலேயே சிந்திவிடுவேன். படுத்தால் மட்டும் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவேன். ராயபுரத்தில் கூட்ஸ் வண்டிப் பாதையை ஒட்டிய வீடு. பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தத்தில் சுவரில் மாட்டிய மாதா படமே ஆடும். நான் புரண்டுகூடப் படுக்க மாட்டேன்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு ஏழு வயது, தங்கைக்கு ஆறு. அவளுக்குத் தூக்கத்தில்தான் இழுப்பு வரும். கண் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டு அவளுக்கு மொட்டை போட்டாள். துணைக்கு எனக்கும் ஒன்று. அப்புறம் அக்கம்பக்கத்தார் எங்களை ஆள் மாற்றித்தான் கூப்பிட்டார்கள்.

தலையில் கம்பி ஒட்டி, பிள்ளை தூங்கும்போது மூளை எப்படி ஓடுகிறது என்று காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அம்மாவுக்கு அது ஏதோ பரீட்சை மாதிரி பட்டது. எதிர்வீட்டு அத்தை வேறு கிளப்பிவிட்டாள்.

"கோடு கோணலா வந்துச்சின்னு வையி, பைத்தியக்கார ஆஸ்பத்திரில போட்ருவானுங்கோ. அப்பால புள்ள வூடு திரும்பாது."

ஹார்பரில் மூட்டை தூக்கும் அப்பாவிடம் அம்மா மூச்சுவிடவில்லை. சொன்ன நாளில் தங்கையை அத்தை வீட்டில் விட்டுவிட்டு என்னை அழைத்துப் போனாள்.

"யாரு கேட்டாலும் தங்கச்சி பேர சொல்லு. சொல்ட்டு கம்முனு தூங்கு, இன்னா?"

கம்பி ஒட்டியவர் எங்களை முன்பின் பார்த்தவரில்லை. மொட்டைத் தலையில் பசை நன்றாகப் பிடிக்கிறதென்று அவருக்குச் சந்தோஷம். பேனாக்கள் காகிதத்தில் கீறத் தொடங்கியதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது. கண் விழித்தபோது அம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

காகிதத்தைப் பார்த்த டாக்டர், மூளையில் ஒரு கோளாறும் இல்லை, தூக்கத்தில் உதறுவது வளர வளரச் சரியாகிவிடும், மருந்து வேண்டாம் என்றாராம். அம்மா எனக்கு ஒரு பொட்டலம் பூந்தி வாங்கித் தந்தாள். தங்கை கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. பாஸானவள் நான்தானே. இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இருவரும் ஒரே பாயில் படுத்தோம். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தங்கை தலையணையில் முகம் புதைந்து குப்புறக் கிடந்தாளாம். அவள் கை என் மேல் கிடந்ததாம். அம்மா அலறியதற்கும் நான் எழவில்லை. யாரோ தூக்கி உட்கார வைத்தார்கள்.

"பக்கத்துலயே படுத்துகினு இருந்திருக்கா, ஒண்ணுந் தெர்ல. அப்டி ஒரு தூக்கம்!" என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு முறை பக்கத்தில் போய் நின்றேன், தள்ளிவிட்டாள். இன்றைக்கும் நன்றாகத்தானே தூங்கினேன், அம்மா ஏன் பூந்தி வாங்கித் தரவில்லை என்று, அந்தச் சின்னப் பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டு போகும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.