அத்தையின் ஃப்ளாப்பியும் ஊர் மோட்டார்களும்

எங்கள் வீட்டில் காவிரிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும், வரவில்லையென்றால் படுத்துவிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நாட்களில் ஆளாளுக்கு போர் மோட்டாரைப் போட்டு நாற்றங்காலுக்கு இறைப்பார்கள். அத்தனை மோட்டாரும் உறிஞ்சியது போக மிச்சமிருக்கும் கரண்டில்தான் எங்கள் வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டும், மின்விசிறி சோம்பல் முறிக்கும். அத்தையின் கம்ப்யூட்டருக்கோ ரோஷம் அதிகம். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் அணைந்துபோய், முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அத்தை, அப்பாவின் தங்கை. ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்துகொடுப்பாள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் தாமரைக்குள் உட்காரவைப்பது, பின்னால் அருவி விடுவது எல்லாம் அவள் கைவண்ணம். படங்கள் பெருகி இடம் போதாமல், தஞ்சாவூர் போய்ப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தாள். மதர்போர்டு பழசு. இவ்வளவு பெரிய ஆளை எனக்குத் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. போர்டுக்குள் பிறவியிலேயே எழுதியிருக்கும் பயாஸ் என்ற சங்கதியை மாற்றி எழுதினால் சரியாகிவிடுமாம். அதற்கு ஒரு பூட் ஃப்ளாப்பி வேண்டும். விண்டோஸ் தயவில்லாமல், தான் ஒருத்தியாகவே கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைக்கிற ஃப்ளாப்பி.

வீட்டிலிருந்த ஃப்ளாப்பிகளில் பாதி பூஞ்சை பிடித்தவை. ஃபார்மட் செய்யப் போட்டால் நறநறவென்று பல்லைக் கடிக்கும். கடைசியில் ஒரு நீல ஃப்ளாப்பி தேறியது. பிரவுசிங் சென்டரில் இறக்கி வந்த புது பயாஸையும், அதை எழுதும் சின்ன புரோகிராமையும் அதில் ஏற்றினாள். ஃப்ளாப்பியைப் போட்டு கம்ப்யூட்டரைத் தட்டியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து எழுந்து நின்றது. அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். எதற்கென்று தெரியாவிட்டாலும் எனக்குச் சுற்றினால் போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் போர்டு செத்துவிடும். அப்புறம் எந்த ஃப்ளாப்பியாலும் எழுப்ப முடியாது. யுபிஎஸ் ஒன்று இருந்தது, பாட்டரி உப்பிப்போய், அழகுக்கு. கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டாலே ஆகாத அப்பா, அத்தையிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இது போச்சுன்னா அத்தோட விட்டுடணும். ஒன் ஜாதகத்த எடுத்துடுவேன்."

அந்த வருஷம் மேட்டூர் திறந்தும் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டவில்லை. மோட்டார்கள் ஓயவேயில்லை. ஊரிலேயே பெரிய மோட்டார் எதிர்வீட்டு மாமாவுடையது. கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று அத்தை போய்க் கேட்டாள்.

"நாத்து கருகுதும்மா. ஒன் பொட்டிய எழுப்பிவுட்டா அது கதிரா விடப்போவுது?" என்றார் மாமா.

அத்தை சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். வீட்டுக்குள் வந்ததும் ஃப்ளாப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். அப்பா பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்ததும் தூணிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆத்துத் தண்ணி ரெகுலேட்டர் மதகத் தாண்டிடுச்சாம். காலைல நம்ம வாய்க்காலுக்கு வந்துடும். அப்பறம் எவன் மோட்டார் போடப்போறான்? ஒன் வேலைய அப்ப வச்சுக்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தண்ணீருக்குப் பூவும் நெல்லும் போட்டுக் கும்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். செவ்வரளியையும் நந்தியாவட்டையையும் பறித்து ஒரு கேரி பேக்கில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் ஒவ்வொரு மோட்டாராக நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியாக எதிர்வீட்டு மாமாவின் மோட்டார் இருமி அடங்கியது. மின்விசிறி வேகம் பிடித்தது. ஓயாமல் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்த ஸ்டெபிலைசர் வாயை மூடிக்கொண்டது.

"தண்ணி வந்துடுச்சு!" என்று பூவோடு ஓடிய என்னை அத்தை பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த இரு. அம்மா மிக்ஸியப் போட்டுடாம பாத்துக்க."

அடுப்படி வாசலில் நான் இரண்டு கையையும் விரித்து நின்றேன். உள்ளே அம்மா அரைக்காத தேங்காயோடு நின்றாள். அப்பா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரிலிருந்த காலண்டரையே படித்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் அவ்வளவு என்ன இருக்குமோ! திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. கம்ப்யூட்டர் அணைந்தது, எழுந்தது, புது ஹார்ட் டிஸ்க்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அத்தை போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. அம்மா சந்தோஷத்தில் மிக்ஸியை முழு வேகத்தில் ஓடவிட்டாள். "முடிஞ்சுதா? சரி" என்றபடி அப்பா அவசரமாக வெளியே போனார்.

நான் வாய்க்காலுக்கு ஓடினேன். அங்கே தண்ணீர் இல்லை. வெடித்த சேற்றில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. பூவோடு நான் நிற்க, முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு மோட்டாராக மறுபடியும் ஓடத் தொடங்கியது. தண்ணீர் வந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் நிறுத்தியும் போட்டும் விளையாடுகிற பெரியவர்களை நினைத்து எனக்கு அழுகையே வந்தது. வீட்டில் அப்பாவைப் பிடித்துக் கேட்டேன்.

"வழியில எங்கயாச்சும் நின்னுருக்கும். வரும் வரும்" என்றார், கூச்சமே இல்லாமல்.

தண்ணீர் மறுநாள்தான் வந்தது, நுரையும் சருகுமாக. ஊரே கரையில் நின்றது. முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்த எதிர்வீட்டு மாமா, அத்தையைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏம்மா, ஒன் பொட்டி பொழச்சிக்கிச்சா?"

"பொழச்சிக்கிச்சு மாமா" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அப்பா சட்டென்று குனிந்து, கழுவிய முகத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் அவர் பக்கமே திரும்பவில்லை. வராத தண்ணீரை வந்ததென்று சொல்லி என் பூவையெல்லாம் வாட வைத்தவர் அல்லவா? வாடியதையே வாய்க்காலில் எறிந்தேன். நாற்று காய்ந்துகொண்டிருந்த அந்தக் காலையில், தண்ணீர் வராமலே ஊர் முழுக்க மோட்டார்கள் எப்படி நின்றன என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.