பின்கதவில் நான்கு கோடுகள்

பின்கதவில் அந்தக் கீறல்கள் அப்படியே இருந்தன. கைப்பிடிக்குக் கீழே நான்கு கோடுகள். மன்னார்குடிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லில், உமி மூட்டைகளுக்குப் பின்னால் அந்தக் காரைக் கண்டெடுத்த பழைய கார்கள் சேகரிக்கும் சென்னைக்காரர், அதன் கதையைக் கேட்க அந்நாளைய டிரைவரைத் தேடியிருக்கிறார். அந்த டிரைவரான அப்பா இப்போது உயிரோடு இல்லாததால் மகளான என்னை அழைத்துப் போனார். "ராணுவ ஜெனரல் வச்சிருந்த வண்டிம்மா. இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது" என்றார். எனக்கா தெரியாது? பானெட்டில் கொடிக் கம்பியோடு எங்கள் பண்ணையார் அதை ஊட்டியிலிருந்து வாங்கி வந்த நாளில் ஊரே பின்னால் ஓடியது. உள்ளே யார் என்று பாராமலே போலீஸ்காரர்கள் சல்யூட் அடிப்பதை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத்தான் அந்தக் காரை ஓட்டவும் போடுவார்.

அது அறுவடைக் காலம். ஆட்சி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நிற்க, பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் நடந்த அடிதடியில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. அவர் மனைவி கார் கொட்டகைக்கு ஓடிவந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா பண்ணையாரிடம் போய்ச் சாவி கேட்டார். "ஜெனரல் உக்காந்த சீட்டுய்யா அது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பண்ணையார் உள்ளே போய்விட்டார். திரும்பி வந்த அப்பா டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "எடுங்கண்ணே, எடுங்கண்ணே" என்று அவள் பின்கதவை அடித்தாள். கண்ணாடி வளையல்கள் உடைந்து கதவைக் கீறின. சாவி இல்லாமலும் ஒயரைச் சேர்த்து அந்த வண்டியைக் கிளப்ப அப்பாவுக்குத் தெரியும். ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் குடியிருந்த வீடு பண்ணையாருடையது. மண்டை உடைந்தவரை மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். கோரையாற்றுப் பாலம் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

கீறலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் பண்ணையார். "அந்தக் கறுப்பு இங்க கிடைக்கலைங்க" என்றார் அப்பா. பட்டறைக்காரர் டப்பாவையே எடுத்து நீட்டிய பிறகும் அதையேதான் வந்து சொன்னார். பண்ணையாருக்குக் கேட்டு அலுத்துப்போகும்வரை சொன்னார். நான் சொன்ன ஒரு பொய்க்காக என்னை முட்டி போட வைத்த மனிதர் அப்பா. அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதற்காக அவரை மன்னிக்கவும் எனக்குத் தெரியவில்லை, வெறுக்கவும் தெரியவில்லை.

சென்னைக்காரர் கோடுகள்மேல் விரலை ஓட்டினார். "மாடு ஏதோ உரசியிருக்கும்மா. இதே கறுப்பு லண்டன்லேர்ந்து வரவழைச்சிட்டேன். இன்னிக்கே அடிச்சிடலாமில்ல?"

முப்பது வருஷம் வகுப்பறையில் கத்தியவள் நான். மாடில்லை என்று சொல்ல ஒரு வரி போதும். அவருடைய ஆள் உப்புத்தாளை மடித்து முதல் கோட்டின்மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்க" என்றேன்.